நின்ற மெஷினை ஓடவைக்கும் கை
(கல்வி உதவி வழங்கும் கூட்டத்தில், ஓய்வுபெற்ற மெயின்டனன்ஸ் ஃபிட்டர் ஒருவர் ஊத்துக்கோட்டையில் ஆற்றிய உரை)



மேடையில் பேசிப் பழக்கம் இல்லை எனக்கு. "உங்க வேலையைப் பத்திச் சொல்லுங்க பாய்" என்று தலைவர் கூப்பிட்டதால் வந்தேன்.

நான் தொழில் கற்றது செங்குன்றத்து அரிசி ஆலைகளில். அப்போது ஒரே மோட்டார்தான். மேலே நீளமாக ஒரு ஷாஃப்ட் ஓடும். அதிலிருந்து பட்டை பெல்ட் இறங்கி ஒவ்வொரு மெஷினையும் சுற்றும். பெல்ட்டின் சத்தத்தை வைத்தே எந்த பேரிங் போகப் போகிறது என்று மேஸ்திரி சொல்லிவிடுவார். இங்கே மெயின்டனன்ஸ் ஃபிட்டர் என்பதை வளைகுடாவில் 'மில்ரைட்' என்பார்கள். சுத்திகரிப்பு ஆலைகளை நிறுத்திப் பழுது பார்க்கும் நாட்களில் அந்தப் பெயரில்தான் ஆள் எடுப்பார்கள்.

வேலை என்ன? லாரியில் வந்து இறங்கும் மெஷினைச் செயின் பிளாக்கில் தூக்கி, அஸ்திவாரத்தில் உட்காரவைத்து, மட்டம் பார்த்து, மோட்டாரோடு சேர்த்து ஓடவிடுவது. பிறகு நிற்காமல் பார்த்துக்கொள்வது. சாமானியமாகத் தோன்றும். மோட்டார் ஷாஃப்டும் பம்ப் ஷாஃப்டும் ஒரே நேர்கோட்டில் இருக்க வேண்டும். டயல் கேஜ் வைத்துப் பார்த்தால், ஒரு தாளின் கனத்தில் பாதி, அதாவது 0.05 மி.மீ. பிசகினாலே வேகமாகச் சுற்றும் மெஷின் அதிர ஆரம்பிக்கும். கால் அடியில் மெல்லிய தகடு, நாங்கள் ஷிம் என்போம், வைத்து வைத்துச் சரிசெய்ய ஒரு பகல் போய்விடும். பேரிங்கைச் சுத்தியலால் அடித்து ஏற்றுகிறவனை நான் ஃபிட்டர் என்று ஒப்புக்கொள்ள மாட்டேன். 100 டிகிரி அளவுக்குச் சூடாக்கினால் அது விரிந்து தானாக உட்காரும்.

இப்போது இந்த வலது கையைப் பாருங்கள். இரண்டு விரல் இல்லை. ஓர் ஆலையில் எலிவேட்டர் சங்கிலி மாட்டிக்கொண்டிருந்தேன். ஃப்யூஸ் கேரியரை உருவி, சட்டைப் பையில் போடாமல் பக்கத்துப் பலகையில் வைத்துவிட்டேன். ஷிஃப்ட் மாறியது. புதிதாக வந்தவர் ஃப்யூஸ் கழன்று கிடப்பதைப் பார்த்து, மாட்டி, ஸ்விட்சைப் போட்டார். உள்ளே ஆள் இருப்பதை யாரும் அவரிடம் சொல்லவில்லை. அவரைக் குறை சொல்லி என்ன? நான் கான்ட்ராக்டர் ஆள். இ.எஸ்.ஐ. கிடையாது. ஆறு மாதம் வீட்டில் கிடந்தேன். மனைவியின் வளையல் போனது.

இன்று ஒழுங்கான ஆலைகளில் ஆளுக்கு ஒரு பூட்டு. ஐந்து பேர் உள்ளே போனால் மெயின் ஸ்விட்சில் ஐந்து பூட்டு தொங்கும். சாவி அவரவர் பையில். பூட்டிய பிறகும் ஸ்டார்ட் பட்டனை ஒருமுறை அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் கை வைக்க வேண்டும். சூப்பர்வைசர் அவசரப்படுத்துவார். படுத்தட்டும்.

தாய்மார்களுக்குச் சொல்கிறேன். தேர்வாய்க்கண்டிகை, கும்மிடிப்பூண்டி சிப்காட் வேன்களில் நம் பிள்ளைகள் ஹெல்பராகப் போகிறார்கள். முதல் மாதமே இ.எஸ்.ஐ. நம்பர் கேட்டு வாங்கச் சொல்லுங்கள். 21,000 ரூபாய் வரை சம்பளம் வாங்குகிறவருக்கு அது உண்டு. பிள்ளையிடம் பிடிப்பது 0.75 சதவீதம்தான். வேலையில் அடிபட்டு வீட்டில் இருக்கும் நாட்களுக்குச் சம்பளத்தில் 90 சதவீதம் வரும். அந்தக் கணக்கு எனக்கு அன்றைக்குத் தெரியாது.

பத்தாவது முடித்த பிள்ளையை நேராக ஹெல்பர் வேலைக்கு அனுப்பாதீர்கள். ஐ.டி.ஐ. ஃபிட்டர் படிப்பு இரண்டே வருடம். அம்பத்தூரில் அரசு ஐ.டி.ஐ. இருக்கிறது. அரசுப் பள்ளியில் படித்த பையன்களுக்குத் தமிழ்ப் புதல்வன் திட்டத்தில் மாதம் 1,000 ரூபாய் கிடைக்கும், பெண்களுக்குப் புதுமைப்பெண். "இரண்டு வருடம் வீணாகுமே" என்று என் தங்கையே கேட்டாள். சான்றிதழ் இல்லாத ஹெல்பர் பத்து வருடம் கழித்தும் ஹெல்பர்தானம்மா என்றேன். அவள் மகன் இப்போது முதல் வருடம். வெளிநாடு போக நினைத்தாலும் பத்தாவது தேறியவரின் பாஸ்போர்ட்டில் குடியேற்ற அனுமதித் தடை இருக்காது.

என்னிடம் ஒரு பழைய டயல் கேஜும், ஓர் அடி நீள மட்டமும் இருக்கின்றன. விருப்பமுள்ள தம்பிகள் ஞாயிறு அஸருக்குப் பிறகு வீட்டுக்கு வரலாம். எடுத்துப் பிடித்துப் பாருங்கள். டயல் கேஜை மட்டும் கீழே போட்டுவிடாதீர்கள்.