பிள்ளை பெற்றவளுக்குத் தண்ணீர் மறுக்கலாமா?

(தோட்டக் கிளைக் கூட்டத்தில் நிகழ்த்திய சொற்பொழிவு)



சம்பளம் பேசவேண்டிய மேடையில் வெளிக்குப் போவதைப் பற்றிப் பேச்சா என்று சிலர் முகம் சுளிக்கலாம். சுளிக்கட்டும். ஆப்பரேஷனில் பிள்ளை பெற்ற நம் பெண்கள் வெட்கத்தால் வாய்திறவாமல் படும் அவதியை நாம் அறிவோம்.

சிசேரியனில் குடலை வெட்டுவதில்லை, கருப்பையைத்தான் கீறுகிறார்கள். ஆனாலும் அருகே கத்தி நடமாடியதாலும், வலிக்குக் கொடுக்கும் மருந்தாலும், படுத்தே கிடப்பதாலும் குடல் சற்று உறங்கிவிடுகிறது. சிறுகுடல் சில மணி நேரத்தில் விழித்துக்கொள்ளும். பெருங்குடலுக்கு 2, 3 நாள் பிடிக்கலாம். முதலில் வாயு பிரியும், பிறகே மலம் இறங்கும். அதற்குள் விளக்கெண்ணெயைத் தூக்கிக்கொண்டு ஓடவேண்டாம்.

முன்பெல்லாம் வாயு பிரியும்வரை ஆஸ்பத்திரியிலேயே பட்டினி போட்டார்கள். இன்று வேறு சிக்கல் இல்லையென்றால் சில மணி நேரத்திலேயே நீரும் உணவும் கொடுக்கச் சொல்கிறார்கள். சூயிங்கம் மெல்வதுகூட உதவுகிறதாம்! வாய் மென்றால், சோறு வருகிறதென்று குடல் ஏமாந்து வேலையைத் தொடங்கிவிடுகிறது. 17 ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்து 2016-இல் வெளியிட்ட அறிக்கையில், மென்றவர்களுக்கு ஏறக்குறைய 7 மணி நேரம் முந்தி வாயு பிரிந்ததாகக் கண்டிருக்கிறார்கள். (ஆதியில் சூயிங்கமும் மரப்பால்தான், சப்போட்டா மரத்தைக் கீறி எடுத்தது. பால்மரம் வெட்டும் நமக்கு அது தூரத்துச் சொந்தம்!)

ஆனால் வீட்டுக்கு வந்ததும் நாம் என்ன செய்கிறோம்? பச்சை உடம்பு, தண்ணீர் குடித்தால் வயிறு ஊதிவிடும் என்று அரை டம்ளர் வெந்நீரோடு நிறுத்துகிறோம். கீரை ஆகாது, பழம் ஆகாது. குழந்தைக்குப் பால் கொடுக்கிறவளுக்கு நீர் எங்கிருந்து வரும்? மலம் கல்லாகிறது. முக்கினால் தையல் வலிக்கிறது. வலிக்குப் பயந்து அடக்கினால் இன்னும் இறுகுகிறது. இரும்புச்சத்து மாத்திரையும் இறுக்கும். அதை நாமாக நிறுத்தாமல், நர்ஸிடம் சொல்லி மலம் இளக மருந்து கேட்கவேண்டும். பாட்டிமார்களே, உங்கள் பூண்டுக் குழம்பை நாங்கள் குறைசொல்லவில்லை. கூடவே தாகம் தீரத் தண்ணீரும், கீரையும், பழமும் கொடுங்கள். டாக்டர் அனுமதித்ததும் எழுந்து நாலு எட்டு நடக்கட்டும். இருமும்போது தலையணையை வயிற்றோடு அணைத்துக்கொள்ளட்டும்.

வயிறு பானைபோல் உப்பி, வாயுவும் பிரியாமல், வாந்தியும் எடுத்தால் அது வெறும் உறக்கமன்று. காய்ச்சலோ, ஏறிக்கொண்டே போகும் வலியோ இருந்தாலும் அப்படித்தான். விடியட்டும், பெரட்டு முடியட்டும் என்று காத்திராமல் உடனே ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோங்கள்.

கணவன்மார்களே! வாளி தூக்குவது இப்போது உங்கள் வேலை. 2023 ஜனவரி 1 முதல் மேற்கு மலேசியாவில் பிரசவ லீவு 60 நாளிலிருந்து 98 நாளாக உயர்ந்திருக்கிறது. தையல் ஆறுமுன் அவளைக் காட்டுக்கு அனுப்பாதீர்கள். லீவுத் தாளை நிரப்பத் தெரியாதவர்கள் கூட்டம் முடிந்ததும் கிளைச் செயலாளரிடம் வாருங்கள்.