விஞ்ஞானம் நிச்சயம் அளிக்குமா?

சூரிய கிரகணம் என்றால் வெளி மாநிலங்களில் வாழும் நம்மவர் இல்லங்களில் ஒரு சிறு சங்கடம் உண்டு. சொந்த ஊரிலிருந்து தருவித்த பஞ்சாங்கத்தின் நேரம் டில்லிக்கோ நாகபுரிக்கோ அப்படியே பொருந்தாது. உள்ளூர் நேரத்தைக் கேட்டறிந்து காத்திருக்கிறோம். குறித்த நிமிடத்தில் கதிரவனின் விளிம்பு மறையத் தொடங்குகிறது. "சாஸ்திரம் பொய்க்காது" என்கிறார் பாட்டனார். "விஞ்ஞானம் பொய்க்காது" என்கிறான் கல்லூரியில் பயிலும் பேரன். கணக்குப் பலித்தது உண்மைதான். ஆனால், பலித்த காரணத்தாலேயே அதன் அடிப்படை என்றும் மாறாத உண்மையாகிவிடுமா?

பிரெஞ்சு வானநூலார் லெ வெரியேயின் வரலாறு இதற்கு விடை கூறும். 1781இல் கண்டறியப்பட்ட யுரேனஸ் கிரகம், நியூட்டனின் விதிப்படி செல்ல வேண்டிய பாதையினின்று சற்றே விலகிச் சென்றது. விதியை அவர் ஐயுறவில்லை. கண்ணுக்குப் புலப்படாத வேறொரு கிரகம் அதனை ஈர்க்கிறது என்று கொண்டு, அக்கிரகம் இருக்க வேண்டிய இடத்தைக் கணித்தார். அவருடைய கடிதம் பெர்லினை அடைந்த அன்றிரவே, 1846 செப்டம்பர் 23ஆம் நாள், காலே என்பவர் தொலைநோக்கியைத் திருப்பினார். குறித்த இடத்திற்கு ஒரு பாகைத் தொலைவுக்குள்ளேயே நெப்டியூன் காட்சியளித்தது!

பின்னர் லெ வெரியே புதனை ஆராய்ந்தார். சூரியனுக்கு மிக அருகே புதன் வரும் இடம் சிறிது சிறிதாக நகர்ந்து கொண்டிருக்கிறது. மற்றக் கிரகங்களின் ஈர்ப்பைக் கணக்கிட்ட பின்பும், நூறாண்டுக்கு ஏறத்தாழ 43 விகலை மிஞ்சுகிறது. ஒரு பாகைக்கு 3600 விகலை என்றால், இது எத்துணைச் சிறிது! எனினும் அவர் இதனைப் புறக்கணிக்கவில்லை. இங்கும் ஒரு மறைந்த கிரகம் இருக்கலாம் என்று 1859இல் கூறினார். சூரியன்மீது ஒரு கரும்புள்ளி கடந்து செல்லக் கண்டதாகக் கிராம வைத்தியர் ஒருவர் தெரிவித்தார். 'வல்கன்' என்று பெயரும் சூட்டியாயிற்று. கிரகந்தான் அகப்படவில்லை. 1877இல் இறக்கும் வரையில் லெ வெரியே அந்த நம்பிக்கையைக் கைவிடவில்லை. 1915 நவம்பரில் ஐன்ஸ்டைனின் புதிய ஈர்ப்புக் கொள்கை, எந்தக் கிரகத்தின் துணையுமின்றி அந்த 43 விகலைக்கு விளக்கம் தந்தது.

அறிஞர் ஒருவரே, முறையும் ஒன்றே. ஒரு முறை வென்றது, மறுமுறை தோற்றது. தீர்ப்பளித்தது வானம். ஆயினும் நியூட்டன் கணக்கு வீணாகிவிடவில்லை. விண்கலங்களின் பாதையை வகுக்க இன்றும் அது பெரிதும் பயன்படுகிறது. அதன் எல்லை இன்னதென்று தெரிந்தது, அவ்வளவே.

"இன்றைய விஞ்ஞானம் நாளை மாறும், ஆகவே சமய நம்பிக்கையே உறுதியானது" என்று சிலர் வாதிடுவர். இவ்வாதம் இரண்டிற்கும் நன்மை செய்வதன்று. இயற்கை ஓர் ஒழுங்கிற்கு உட்பட்டது என்ற நம்பிக்கை விஞ்ஞானிக்கும் உண்டு. அஃதின்றேல் 43 விகலைக்காக யார் அல்லற்படுவார்? ஆனால் அவர் கூறும் ஒவ்வொரு முடிவும், மாறான சான்று கிடைக்கும் வரையில்தான் நிற்கும். நோயுற்ற குழந்தையின் அருகே தாய் செய்யும் பிரார்த்தனை அத்தகைய கணிப்பு அன்று. துன்பத்தைத் தாங்கும் வலிமையை அவள் அங்கே நாடுகிறாள். மருந்தின் அளவைப் பிரார்த்தனை கூறாது; அந்த வலிமையை மருந்து தராது.

அடுத்த கிரகணத்தின்போது, "இது நிச்சயந்தானா?" என்று வீட்டுக் குழந்தை வினவினால், "இதுவரை பொய்த்ததில்லை, பொய்த்தால் காரணத்தைத் தேடுவோம்" என்று கூறுங்கள். விஞ்ஞானம் நமக்கு நேர்மையாக அளிக்கக்கூடிய உறுதி அதுவே.