அறிவுக்கு ஏன் பூட்டு?



படிப்பகத்தின் ஆண்டு விழாவில் பேச அழைத்தீர்கள், மகிழ்ச்சியோடு வந்திருக்கிறேன். சிறிய கூடம் இது. நாற்காலிகள் பழையவை. ஆனாலும் இதற்கொரு பெருமை உண்டு. வாயிற்படியில் காவலன் இல்லை. உள்ளே நுழைகிறவனைப் பார்த்து, "உன் மடியில் எவ்வளவு இருக்கிறது?" என்று இங்கே எவரும் கேட்பதில்லை. கூலி வேலை முடித்து வந்தவனும், கல்லூரியிலிருந்து வந்தவனும் ஒரே மேசையில் ஒரே ஏட்டைப் படிக்கிறார்கள்.

உலகத்திலே இதைவிடப் பெரிய படிப்பகம் ஒன்று உண்டு. மருத்துவம், இயற்பியல், கணிதம், உயிரியல், வேளாண்மை என எல்லாத் துறை அறிஞர்களும் கண்டறிந்த முடிவுகள் அங்கே அடுக்கி வைக்கப்பட்டுள்ளன. ஆனால் அதன் வாயிலிலே காவலன் நிற்கிறான். காசு கேட்கிறான். இல்லை என்றால் கதவைச் சாத்துகிறான். அந்தப் பூட்டிய கதவைப் பற்றித்தான் இன்று உங்களோடு பேசப் போகிறேன்.

"ஆராய்ச்சிக் கட்டுரைக்கும் அரசியலுக்கும் என்ன உறவு?" என்று எண்ணுவீர்கள். உறவு உண்டு, தோழர்களே! உயிரோடு உறவு உண்டு.

மேற்கு ஆப்பிரிக்காவில் லைபீரியா என்றொரு சிறு நாடு. 2014ஆம் ஆண்டில் அங்கும், அண்டை நாடுகளான கினியா, சியரா லியோனிலும் எபோலா என்னும் கொடுநோய் பரவிற்று. தாயைத் தொட்ட பிள்ளை மாண்டது. பிள்ளையைத் தூக்கிய தாய் மாண்டாள். மருத்துவம் பார்த்தவர்களும் மாண்டனர். நோய் ஓய்ந்தபோது 11,300 பேருக்கு மேல் மறைந்துவிட்டிருந்தனர்; லைபீரியாவில் மட்டும் 4,800 பேருக்கு மேல். "நடு ஆப்பிரிக்காவின் நோய் இது, மேற்கே வருமென்று எவர் கண்டார்?" என்று உலகம் கைவிரித்தது.

கண்டவர்கள் இருந்தார்கள்! ஜெர்மன் ஆராய்ச்சியாளர்கள் லைபீரிய மக்களின் குருதியைச் சோதித்தார்கள். எபோலாக் கிருமியை எதிர்த்து உடல் போரிட்டதன் அடையாளம் சிலரது குருதியில் இருந்தது. எபோலா வாழும் நிலப்பரப்பில் லைபீரியாவையும் சேர்த்தே எண்ண வேண்டும் என்று எழுதி, 1982ஆம் ஆண்டிலேயே ஐரோப்பிய ஆராய்ச்சி ஏடு ஒன்றில் வெளியிட்டார்கள்.

எச்சரிக்கை அச்சாயிற்று. எவருக்கு எச்சரிக்கையோ அவருக்குப் போய்ச் சேரவில்லை! லைபீரிய நலத்துறையின் தலைமை மருத்துவ அதிகாரியாக இருந்த பெர்னிஸ் டான் அம்மையாரும் உடன் பணியாற்றியோரும் 2015 ஏப்ரலில் நியூயார்க் டைம்ஸ் ஏட்டில் இதை எழுதி நெஞ்சம் குமுறினார்கள். அப்படிப்பட்ட ஒரு கட்டுரையை இணையத்திலிருந்து எடுக்க அன்றும் 45 டாலர் விலை. லைபீரிய மருத்துவர் ஒருவரின் பாதி வாரச் சம்பளம் அது! கட்டுரைகளை எழுதியோர் வரிசையில் லைபீரியர் ஒருவர் பெயர்கூட இல்லை. குருதி கொடுத்தவன் லைபீரியன். அதிலிருந்து பிறந்த அறிவோ, அவன் கைக்கு எட்டாத உயரத்தில்!

அந்த ஒரு கட்டுரை கையில் இருந்திருந்தால் மாண்டவர் அனைவரும் பிழைத்திருப்பர் என்று நான் மிகைப்படுத்த மாட்டேன். மருத்துவமனை வேண்டும், மருந்து வேண்டும், ஆள் வேண்டும். ஆனால் வரப்போகும் பகைவன் இன்னானென்று தெரிந்தவன் கதவைத் தாழிட்டுக் கொள்வான் அல்லவா? அந்த வாய்ப்பு அவர்களுக்கு மறுக்கப்பட்டது.

பூட்டியவர் யார்? அதைப் பார்ப்போம்.

ஆராய்ச்சிக்குப் பணம் தருவது பெரும்பாலும் அரசு. அரசின் பணம் என்றால் என்ன? தீப்பெட்டி வாங்குகிறவனும் கொடுத்த வரிப்பணம்! அந்தப் பணத்தில் விஞ்ஞானி ஆராய்கிறார், கட்டுரை எழுதுகிறார், ஏட்டுக்கு அனுப்புகிறார். எழுதியதற்கு அவருக்கு ஊதியம் இல்லை. கட்டுரை சரியா, பிழையா என்று சோதிப்பவர் வேறொரு விஞ்ஞானி. பெரும்பாலும் அவருக்கும் ஊதியம் இல்லை. இவ்வளவும் முடிந்தபின், உரிமை பதிப்பகத்திற்குப் போகிறது. அதே கட்டுரையை அதே பல்கலைக்கழகம் பெருவிலை கொடுத்து வாங்குகிறது. வாங்கும் பணமும் வரிப்பணம்!

உழுது, விதைத்து, அறுத்த நெல்லை விலையின்றி ஆலைக்காரனிடம் கொடுத்துவிட்டு, அவன் சொன்ன விலைக்கே அரிசியை வாங்கி உண்ணும் உழவனைக் கண்டதுண்டா? அறிவுலகில் அந்த விந்தை நாள்தோறும் நடக்கிறது!

இதில் கிடைக்கும் இலாபம் கொஞ்சமா? எல்சேவியர் என்னும் பெரும் பதிப்பகம் 2010ஆம் ஆண்டில் ஈட்டிய இலாபம் 72 கோடியே 40 லட்சம் பவுன். நூறு பவுன் வரவில் ஏறத்தாழ 36 பவுன் இலாபம்!

தொடக்கத்திலேயே இப்படி இருந்ததா? இல்லை. 1665ஆம் ஆண்டில் ஹென்றி ஓல்டன்பர்க் என்பார் இலண்டனில் ஓர் ஆராய்ச்சி ஏட்டைத் தொடங்கினார். ஒருவர் கண்டதை மற்றவர்க்குச் சொல்வதே அதன் நோக்கம். சொல்வதற்காகப் பிறந்த ஏட்டுத்தொழில், இரண்டாம் உலகப் போருக்குப் பின் மறைப்பதால் பிழைக்கும் வாணிபமாக வளர்ந்தது. ராபர்ட் மாக்ஸ்வெல் என்பார் பெர்கமன் பதிப்பகத்தை வைத்துப் பெருஞ்செல்வம் திரட்டி, 1991இல் அதை எல்சேவியருக்கு விற்றார்.

அதே 1991இல் இன்னொன்றும் நடந்தது, தோழர்களே! அமெரிக்காவின் லாஸ் அலமோஸ் ஆராய்ச்சிக் கூடத்தில் பால் கின்ஸ்பார்க் என்னும் இயற்பியலார், தம் துறைக் கட்டுரைகளை எவரும் எடுத்துப் படிக்கும்படி ஒரு கணிப்பொறியில் சேர்த்து வைத்தார். ஆர்க்சிவ் என்று இன்று உலகம் அழைக்கும் களஞ்சியம் அதுதான். இன்று அதில் 20 லட்சத்துக்கும் மேற்பட்ட கட்டுரைகள். காவலனும் இல்லை, கட்டணமும் இல்லை!

"இலவசமாகக் கிடைப்பது தரமற்றது" என்பார் சிலர். அவர்களுக்கு ஒரு கதை சொல்வேன். ஏறத்தாழ நூறாண்டு அறிஞர்களைத் திணற வைத்த கணிதப் புதிர் ஒன்று. புவான்கரே கருதுகோள் என்று பெயர். ரஷ்ய நாட்டுக் கிரிகோரி பெரெல்மான் அதற்கு விடை கண்டார். விலை வைத்து விற்கும் ஏட்டுக்கா அனுப்பினார்? 2002 நவம்பரில் அந்தத் திறந்த களஞ்சியத்தில் வைத்துவிட்டு ஒதுங்கிக் கொண்டார். உலகக் கணித அறிஞர்கள் ஆண்டுக்கணக்கில் துருவித் துருவிச் சோதித்துச் சரியென்றனர். 2006இல் உயர்ந்த பதக்கம் தந்தார்கள், வேண்டாம் என்றார். 2010இல் பத்து லட்சம் டாலர் பரிசு தந்தார்கள். அதையும் வேண்டாம் என்றார்! தரத்தைத் தருவது பூட்டன்று. அறிஞர்களின் நேர்மையான சோதனையே.

உயிரியலில் நடந்ததையும் கேளுங்கள். மனித உடலின் மரபு எழுத்துகளைப் படித்தறியும் பெருமுயற்சி நடந்தபோது, 1996இல் பெர்முடாவில் கூடிய விஞ்ஞானிகள், படித்தறிந்த பகுதியை 24 மணி நேரத்துக்குள் உலகுக்கு வெளியிட உறுதி பூண்டனர். 1998இல் செலேரா என்னும் தனியார் நிறுவனம் போட்டிக்கு வந்தது. செய்தியை விற்பதே அதன் வாணிபம். ஜான் சல்ஸ்டன் போன்றோர், மனிதனின் மரபு மனிதகுலத்தின் பொதுச்சொத்து என்று நின்றனர், வென்றனர்.

அந்த மரபின் பயனை நாமே கண்டோம். 2020 ஜனவரி 11 அன்று கொரோனாக் கிருமியின் மரபு வரிசையைச் சீன விஞ்ஞானி சாங் யோங்செனின் குழுவினர் உலகம் காண வெளியிட்டனர். மார்ச் 16 அன்று அமெரிக்காவில் முதல் தடுப்பூசியை மனித உடலில் செலுத்திச் சோதித்தனர். இடையே 65 நாள்! லைபீரியாவுக்கு எட்டாத எச்சரிக்கைக்கு வயது 32 ஆண்டு; திறந்த அறிவு உலகைச் சுற்றிவரத் தேவைப்பட்டதோ 65 நாள். பூட்டுக்கும் திறப்புக்கும் உள்ள வேறுபாட்டை இதைவிட விளக்க வேண்டுமா?

இந்த எண்ணங்கள் ஒன்றுதிரண்டு, 2002 பிப்ரவரி 14 அன்று புடாபெஸ்ட் நகரின் பெயரால் ஓர் அறிக்கையாயிற்று. ஆராய்ச்சிக் கட்டுரைகளை எவரும், எங்கிருந்தும், கட்டணமின்றிப் படிக்கவும் பயன்படுத்தவும் வேண்டும் என்றது அது.

வெற்றி முரசு கொட்டலாமா? பொறுங்கள். புதிய பூட்டு வந்துவிட்டது!

"படிப்பவனிடம் காசு கேட்கக் கூடாதா? சரி, எழுதுகிறவனிடம் கேட்கிறோம்" என்றன பதிப்பகங்கள். நேச்சர் என்னும் புகழ்பெற்ற ஏடு, திறந்து வெளியிடும் கட்டுரை ஒன்றுக்கு 2021இல் வைத்த விலை 9,500 யூரோ. அன்றைய கணக்கில் எட்டு லட்சம் ரூபாய்க்கு மேல்! உண்டியலை முன்வாசலிலிருந்து எடுத்துக் கொல்லைப்புறத்தில் வைத்துவிட்டு, "உண்டியலே இல்லை, பாருங்கள்" என்று கைகாட்டுகிறார்கள். காசில்லாத ஆராய்ச்சியாளர் இனி படிக்கலாம். ஆனால் தாம் கண்டதைத் திறந்து வெளியிட முடியாமல் போகலாம்! காசு வாங்கிக்கொண்டு எதையும் அச்சிடும் போலி ஏடுகளும் இந்தச் சந்தையில் முளைத்துள்ளன.

வேறு வழி இல்லையா? இருக்கிறது. பிரேசில் நாட்டில் 1998இல் சைலோ என்னும் அமைப்பு பொது நிதியின் துணையோடு எழுந்தது. செல்வம் கொழிக்கும் நாடுகள் சிறுநாடுகளின் ஏடுகளைப் புறக்கணித்தபோது, தம் ஏடுகளைத் தாமே கூட்டி எல்லோர்க்கும் திறந்து வைத்தனர். பிற இலத்தீன் அமெரிக்க நாடுகளும் சேர்ந்தன. சாலையைப் பொது நிதியில் போடுவதுபோல், அறிவுச் சாலையையும் போடலாம் என்று காட்டினர்.

இந்தியாவில் என்ன நிலை? 2024 நவம்பர் 25 அன்று ஒன்றிய அமைச்சரவை, ஒரே நாடு ஒரே சந்தா என்னும் திட்டத்திற்கு ஒப்புதல் தந்தது. 2025 முதல் 2027 வரை மூன்றாண்டுக்கு 6,000 கோடி ரூபாய். 30 பதிப்பகங்களின் ஏறத்தாழ 13,000 ஏடுகள், 6,300க்கும் மேற்பட்ட அரசுக் கல்வி, ஆராய்ச்சி நிறுவனங்களுக்கு. சிற்றூர் அரசுக் கல்லூரி மாணவனும் பெருநகர மாணவனுக்கு நிகராகப் படிக்கலாம் என்பது நன்மையே. அதை மறைக்க மாட்டேன். ஆனால் கேட்கிறேன்: இது வீடு கட்டிய செலவா, வாடகை கொடுத்த செலவா? வாடகை நின்றால் கதவு மூடும்! அரசு நிறுவனத்திற்கு வெளியே இருக்கும் சிற்றூர் மருத்துவருக்கு, உழவருக்கு, நம் படிப்பகத்திற்கு இதில் இடம் எங்கே?

நமக்கு வழிகாட்ட வெளிநாடு போகவும் வேண்டியதில்லை. சீர்காழியில் பிறந்து, சென்னைப் பல்கலைக்கழக நூலகராயிருந்த எஸ். ஆர். அரங்கநாதன், 1931இல் நூலகத்துக்கு ஐந்து விதிகள் வகுத்தார். நூல் பூட்டி வைப்பதற்கன்று, பயன்படுத்துவதற்கே என்பது முதல் விதியின் பொருள். அதே ஆண்டில் மன்னார்குடிப் பகுதியில் மாட்டு வண்டியில் நூல்களை ஏற்றி ஊர் ஊராகக் கொண்டு போனார்கள். 1948இல் சென்னை மாகாணத்தில் பொது நூலகச் சட்டம் வந்தது. வீட்டு வரியோடு நூலக வரியும் சேர்ந்தது. எல்லோரும் கொடுப்பது, எல்லோரும் படிப்பது! மாட்டு வண்டிக் காலத்தில் முடிந்தது, மின்னல் வேகக் காலத்தில் முடியாதா?

ஆகவே, தோழர்களே, நாம் கேட்க வேண்டியவை மூன்று. பொதுப்பணத்தில் விளைந்த ஆராய்ச்சி, வெளிவந்த அன்றே பொதுமக்களுக்குத் திறக்கட்டும். ஒன்றிய அரசின் அறிவியல் தொழில்நுட்பத் துறையும் உயிரித் தொழில்நுட்பத் துறையும், தாம் பணம் தந்த ஆராய்ச்சிக் கட்டுரைகளைத் திறந்த களஞ்சியத்தில் சேர்க்க வேண்டுமென 2014இலேயே கொள்கை வகுத்தன. அது ஏட்டில் உறங்காமல் நடைக்கு வரட்டும். படிப்பவனிடமும் எழுதுபவனிடமும் காசு பறிக்காத சொந்த ஏடுகளைப் பல்கலைக்கழகங்கள் பொது நிதியில் வளர்க்கட்டும்.

கல்லூரியில் பயிலும் தம்பியரே, தங்கையரே! உங்கள் பேராசிரியரிடம் கேளுங்கள்: "உங்கள் கட்டுரை எங்கள் படிப்பகத்துக்குக் கிடைக்குமா?" பணிவோடு கேளுங்கள், ஆனால் கேளுங்கள். கேள்வி பிறந்தால்தான் கதவு அசையும்.

இந்தக் கூடத்திற்குக் காவலன் வேண்டாம் என்று முடிவு செய்தவர்கள் நாம். அந்தப் பெரிய கூடத்திற்கும் காவலன் வேண்டாம் என்று சொல்லும் உரிமை நமக்கு உண்டு. ஏனெனில் அது கட்டப்பட்டது நம் காசில்!