சைக்கிள் ஆலை கடல் கடந்த கதை

(ஆலைத் தொழிலாளர்களும் விவசாயத் தொழிலாளர்களும் கூடியிருந்த கூட்டத்தில் ஆற்றிய உரை)



உங்களில் பலர் சைக்கிளை மிதித்துக்கொண்டுதான் இந்தக் கூட்டத்துக்கு வந்திருக்கிறீர்கள். வேலியோரம் வரிசையாகச் சாய்த்து வைத்திருப்பதைப் பார்த்துக்கொண்டே உள்ளே வந்தேன். ஆகவே இன்று ஒரு சைக்கிள் ஆலையின் கதையையே சொல்கிறேன்.

இது நம் ஊர்க் கதையல்ல. அமெரிக்க நாட்டின் ஒஹையோ மாநிலத்தில் செலைனா என்று ஒரு சிற்றூர் இருக்கிறது. சுமார் பத்தாயிரம் ஜனங்கள் வசிக்கும் ஊர். சுற்றிலும் மக்காச்சோள வயல்கள், சோயா வயல்கள். ஊரையொட்டி ஒரு பெரிய ஏரி. கால்வாய்க்குத் தண்ணீர் தேக்குவதற்காக 1830களிலும் 40களிலும் கூலியாட்கள் மண் சுமந்து கரை போட்ட ஏரி அது. உழைப்பாளியின் கை படாத இடம் அந்த ஊரிலும் இல்லை.

அந்த ஊரில் ஹஃபி கம்பெனியின் சைக்கிள் ஆலை இருந்தது. டேட்டன் நகரத்து ஹஃப்மன் குடும்பம் 1924ல் ஆரம்பித்த கம்பெனி. 1934ல் சைக்கிள் செய்யத் தொடங்கினார்கள். 1950களில் செலைனாவில் ஆலை வைத்தார்கள். பிற்காலத்தில் கூடைப்பந்து வளையமும் பலகையும்கூட இந்தக் கம்பெனியின் பெயரில் விற்றன. அமெரிக்கச் சிறுவன் முதன்முதலில் ஏறி விழுந்து எழுந்த சைக்கிள், பெரும்பாலும் இவர்கள் ஆலையிலிருந்து வந்ததாகத்தான் இருக்கும். குழாயை அறுப்பது, பற்ற வைப்பது, சாயம் பூசுவது, சக்கரத்துக்குக் கம்பி கோப்பது எல்லாம் அங்கேயே நடந்தன. தகப்பனுக்குப் பிறகு மகன், தாய்க்குப் பிறகு மகள் என்று ஊரே அந்த ஆலையை நம்பி வாழ்ந்தது.

1998ல் அந்த ஆலையை மூடினார்கள். ஏறத்தாழ ஆயிரம் பேர் தெருவில் நின்றார்கள். எப்படி மூடினார்கள், ஏன் மூடினார்கள் என்பதைக் கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். அதில் நமக்குப் பாடம் இருக்கிறது.

கூலியை விட்டுக் கொடுத்தார்கள்

நிர்வாகம் எடுத்த எடுப்பில் ஆலையை மூடவில்லை. முதலில் வேறு பாட்டுப் பாடிற்று. “சீனச் சைக்கிள் மலிவாக வந்து குவிகிறது. பெரிய பெரிய கடைக்காரர்கள் விலையைக் குறை, குறை என்று கழுத்தை நெரிக்கிறார்கள். கம்பெனிக்கு நஷ்டம். கூலியைக் குறைத்துக் கொண்டால் ஆலை பிழைக்கும், நீங்களும் பிழைப்பீர்கள்” என்றது.

இதில் பொய் மட்டும்தான் இருந்தது என்று நான் சொல்லமாட்டேன். போட்டி இருந்தது உண்மை. வால்மார்ட், கேமார்ட் போன்ற ராட்சசக் கடைகள்தாம் இவர்களுடைய பெரிய வாடிக்கைக்காரர்கள். விலையைத் தீர்மானித்தது கடைதான், ஆலையல்ல. 1995ல் கம்பெனிக்கு நஷ்டம் வந்ததும் உண்மை. அங்கிருந்த எஃகுத் தொழிலாளர் சங்கத்தினர் யோசித்துப் பார்த்தார்கள். பிள்ளைகுட்டிகளை நினைத்துப் பார்த்தார்கள். 1995ல் கூலியில் சுமார் 20 சதவீதத்தை விட்டுக் கொடுத்தார்கள்.

ஐந்து ரூபாயில் ஒரு ரூபாயை எடுத்து முதலாளியின் கையில் கொடுத்தது போல என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன் பிறகு கம்பெனி மறுபடியும் லாபக் கணக்குக் காட்டிற்று. ஆலை பிழைத்ததா? மூன்றே ஆண்டுகள்! மூன்றாம் ஆண்டு கதவைச் சாத்தினார்கள்.

ஏன்? கணக்கைக் கேளுங்கள். இந்தக் கதையை அமெரிக்கச் செனட் சபையில் பலமுறை எடுத்துச் சொன்னவர் பைரன் டார்கன் என்ற செனட்டர். அவர் கம்யூனிஸ்ட் அல்ல. ஜனநாயகக் கட்சிக்காரர். செலைனாவில் மணிக்கு 11 டாலர் கூலி, சீனாவில் மணிக்கு 33 சென்ட் என்று அவர் கணக்குச் சொன்னார். நூறு சென்ட் ஒரு டாலர். அப்படியானால் செலைனாத் தொழிலாளியின் ஒரு நாள் கூலியைச் சம்பாதிக்க, சீனத்துத் தொழிலாளி 33 நாள் வேலை செய்ய வேண்டும். இந்தப் பள்ளத்தை 20 சதவீதம் விட்டுக் கொடுத்து நிரப்ப முடியுமா? 50 சதவீதம் விட்டுக் கொடுத்தாலும் முடியுமா? ஏரியைச் சிரட்டையால் இறைத்து வற்றவைக்கிற கதைதான்!

கொடியும் உருண்டையும்

இன்னொரு விஷயம் கேளுங்கள். 1990களின் நடுவில் இதே கம்பெனியும் மற்ற இரு பெரிய அமெரிக்கச் சைக்கிள் கம்பெனிகளும் சேர்ந்து, “சீனச் சைக்கிள் எங்கள் நாட்டுத் தொழிலை அழிக்கிறது” என்று சர்க்காரிடம் புகார் செய்தன. 1996ல் அந்தப் புகார் தள்ளுபடியாயிற்று. அன்று தேசம், தேசம் என்று கண்ணீர் விட்ட கம்பெனி பிறகு என்ன செய்தது? 1999ல் மிஸௌரியிலும் மிஸிஸிப்பியிலும் மிச்சமிருந்த ஆலைகளையும் மூடிவிட்டது. வெளிநாட்டில் செய்வித்து, தன் பெயரை ஒட்டி, அதே கடைகளில் விற்றது. எதிரி என்று எதைச் சொன்னதோ அதற்கே வியாபாரி ஆகிவிட்டது!

செலைனாவில் செய்த சைக்கிளின் முன்புறம் அமெரிக்கக் கொடிப் படம் ஒட்டியிருக்கும். அந்தத் தொழிலாளர்களுக்குக் கடைசியாகக் கொடுத்த வேலைகளில் ஒன்று, கொடிப் படத்தை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பூமி உருண்டைப் படத்தை ஒட்டுவது என்று டார்கன் சொல்கிறார். கடைசி நாளன்று வண்டி நிறுத்துமிடத்தில் தங்கள் வண்டி நின்ற இடங்களில் தொழிலாளர்கள் ஒரு ஜோடி காலி பூட்ஸை வைத்துவிட்டுப் போனார்களாம். ‘எங்கள் வேலையை நீ கொண்டு போகலாம். இந்த இடத்தில் நாங்கள் இருந்தோம் என்பதை அழிக்க முடியாது’ என்று அந்த பூட்ஸ் சொல்லிற்று.

தேசபக்தி என்பது லாபம் கிடைக்கிற வரைக்கும் முதலாளி ஒட்டி வைக்கிற காகிதம். பசை காய்ந்ததும் உரித்துவிடுவான். தொழிலாளிக்கோ ஊர்தான் தேசம். ஆலையைப் பெயர்த்துக்கொண்டு போகலாம். தாய் தகப்பனைப் புதைத்த மண்ணைப் பெயர்த்துக்கொண்டு போக முடியுமா?

யார்மீது கோபம்?

வேலை போனவனுக்குக் கோபம் வரும். வரத்தான் வேண்டும். அது யார்மீது பாய வேண்டும் என்பதுதான் கேள்வி. “சீனாக்காரன் நம் சோற்றைப் பிடுங்கிக்கொண்டான்” என்று சொல்வது சுலபம். அப்படிச் சொல்லி ஓட்டு வாங்குகிறவர்களும் அந்த நாட்டில் உண்டு.

ஆனால் அந்தச் சீனாக்காரன் யார்? ஷென்சென் போன்ற ஆலை நகரங்களில் வந்து குவிந்தவர்கள் பெரும்பாலும் உள்நாட்டுக் கிராமத்து வாலிபர்கள், இளம் பெண்கள். வயலில் வருமானம் போதாமல் மூட்டையைக் கட்டிக்கொண்டு ரயிலேறியவர்கள். கம்பெனி விடுதியில் கூட்டமாகப் படுத்து, நீண்ட நேரம் வேலை செய்து, ஊருக்குப் பணம் அனுப்பியவர்கள். இங்கே உட்கார்ந்திருக்கும் விவசாயத் தொழிலாளித் தோழருக்கு அவனை அடையாளம் தெரியும். பக்கத்து ஊரிலிருந்து ஆள் கொண்டுவந்து, நம் கூலியைக் குறைக்கப் பார்க்கிற மிராசுதாரின் வேலை நமக்குப் புதிதா? அப்போது நாம் என்ன கற்றுக்கொண்டோம்? வந்தவனை அடித்து விரட்டினால் மிராசுதாருக்கு வேறு ஊர் கிடைக்கும். வந்தவனையும் நம்மோடு சேர்த்துக்கொண்டு ஒரே கூலி கேட்டால்தான் அவருக்குப் போக்கிடம் இல்லை. கடலுக்கு அப்பாலும் இதே சட்டம்தான்.

இது வெறும் பேச்சல்ல. 2010ல் சீனாவின் ஃபோஷான் நகரில், ஹோண்டா கார் உதிரிபாக ஆலையில் இளம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்து கூலியை உயர்த்திக் கொண்டார்கள். அதைப் பார்த்து வேறு ஆலைகளிலும் கிளம்பினார்கள். பள்ளம் மேடாகிறது என்றால் இப்படித்தான் மேடாகும். மேட்டில் இருப்பவன் இறங்கிப் போனால் இரண்டு பேரும் பள்ளத்தில் கிடக்க வேண்டியதுதான்.

மிஞ்சியது எது?

கடைசியாக ஒன்று. கடல் கடந்து போன கம்பெனி வாழ்ந்ததா? அதுவுமில்லை. 2004ல் திவால் கோரிக் கோர்ட்டுக்குப் போயிற்று. 2005ல் கம்பெனி கடன் கொடுத்த சீனத் தரப்பின் கைக்கே போய்விட்டது. தொழிலாளரின் பென்ஷன் பொறுப்பையும் உதறிவிட்டது.

அப்படியானால் வயதானவர்கள் பட்டினியா? இங்கேதான் தோழர்களே, கவனியுங்கள். அந்தப் பென்ஷன் பொறுப்பு மத்திய சர்க்காரின் பென்ஷன் உத்தரவாத ஸ்தாபனத்திடம் வந்தது. அந்த ஸ்தாபனம் வானத்திலிருந்து விழவில்லை. 1963ல் இண்டியானா மாநிலத்தின் சவுத் பெண்ட் நகரில் ஸ்டூடிபேக்கர் கார் ஆலை மூடப்பட்டபோது, ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள் பென்ஷனை இழந்தார்கள். அதன் பிறகு சங்கங்கள் விடாமல் கேட்டு, 1974ல் சட்டமாயிற்று. நூறு பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் கம்பெனி ஆலையை மூடுமுன் 60 நாள் நோட்டீஸ் தர வேண்டும் என்ற சட்டம், 1988ல் அப்படித்தான் வந்தது.

கணக்கைக் கூட்டிப் பாருங்கள். செலைனாத் தொழிலாளர்கள் முதலாளியை நம்பி விட்டுக் கொடுத்த 20 சதவீதம் அவர்களைக் காப்பாற்றவில்லை. முன்பின் தெரியாத ஊர்த் தொழிலாளர்கள், அவர்களுக்கு முன்னால் போராடி எழுத வைத்த சட்டம்தான் முதுமையில் கஞ்சி ஊற்றிற்று. அந்தச் சட்டமும் வேலையைக் காப்பாற்றும் அளவுக்கு வலுவாக இல்லை என்பது உண்மை. அது மிச்சமிருக்கிற வேலை.

கூட்டம் முடிந்து சைக்கிளை எடுக்கும்போது ஒரு நிமிஷம் அதன் பற்று வைத்த மூட்டைத் தொட்டுப் பாருங்கள். அங்கே ஒரு தொழிலாளியின் கை இருக்கிறது. அவன் எந்த நாட்டுக்காரனாக இருந்தாலும் சரி, அவன் கூலி உயர்ந்தால் உங்கள் வேலை நிலைக்கும். அவன் கூலி தாழ்ந்தால் உங்கள் ஆலைக் கதவு ஆடும். இதை மறக்காதீர்கள். சங்கத்தில் சேராதவர் உங்கள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தால், இன்று வீட்டுக்குப் போகும் வழியில் அவரோடு சேர்ந்து சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் இந்தக் கதையைச் சொல்லுங்கள்.