செஞ்சிக் குன்றுகளும் மின்சார சைக்கிளும்



மலை என்ற சொல்லைக் கேட்டதும் நம் மாணவர்களின் எண்ணம் உதகைக்கும் கொடைக்கானலுக்கும் ஓடிவிடுகிறது. விழுப்புரத்திலும் திண்டிவனத்திலும் வாழ்கின்றவர்கள்கூட, மலை காண வேண்டுமானால் இரவு முழுவதும் பஸ்ஸில் உட்கார்ந்து செல்ல வேண்டும் என்றே கருதுகின்றனர். திண்டிவனத்திலிருந்து மேற்கே ஏறத்தாழ 28 கிலோமீட்டர் தொலைவில், விழுப்புரத்திலிருந்து வடமேற்கே 40 கிலோமீட்டருக்குள், செஞ்சிக் குன்றுகள் நிற்கின்றன. யாரோ ஓர் அரக்கன் பாறைகளைக் கொண்டுவந்து கொட்டிக் குவித்துவிட்டுப் போனதைப் போன்ற தோற்றம். அவற்றின் கருங்கல்லுக்கு வயது சுமார் 250 கோடி ஆண்டு என்பர் நிலநூலார். இமயம் இக்குன்றுகளுக்கு முன் நேற்றுப் பிறந்த குழந்தை.

இவ்வளவு அருகில் இருந்தும் இவற்றைச் சரியாகக் கண்டவர் சிலரே. பஸ்ஸின் சன்னல் வழியே பத்து நிமிடம் பார்ப்பது காண்பதாகாது. நடந்து காணலாமென்றால் இடங்கள் ஒன்றுக்கொன்று தொலைவில் இருக்கின்றன. இரண்டுக்கும் நடுவே உள்ள வாகனம் சைக்கிள். மணிக்குப் பன்னிரண்டு அல்லது பதினைந்து கிலோமீட்டர் வேகத்தில் செல்பவனுக்குத்தான் ஏரிக்கரைப் பனைமரமும் கண்ணில் படும், ஒரு குன்று மறைந்து மற்றொரு குன்று வெளிப்படுவதும் தெரியும். ஆனால் சைக்கிளுக்கு ஒரு குறை உண்டு. மேடு வந்ததும் அது நம் வயதைக் கேட்கும், நோயைக் கேட்கும், காலை உணவு என்னவென்றும் கேட்கும்! இந்தக் குறையைப் போக்க வந்ததே மின்சார சைக்கிள். வழிகாட்டி ஒருவர் முன்செல்ல, பழகியவரும் பழகாதவரும் ஒரே கூட்டமாக மலைநாட்டைச் சுற்றிவரும் பயணங்கள் இன்று உலகின் பல பகுதிகளில் நடைபெறுகின்றன. அதைப் பற்றியே இன்று பேச விரும்புகிறேன்.

முதலில் கணக்கைப் பார்ப்போம். கல்லூரி மாணவர்கள் தாளில் எழுதிச் சரிபார்த்துக்கொள்ளலாம். ஆளும் வண்டியும் சேர்ந்து 95 கிலோகிராம் எடை என்று கொள்வோம். காற்றில்லாத சமதரையில் மணிக்கு 15 கிலோமீட்டர் வேகத்தில் செல்ல ஏறத்தாழ 50 வாட் ஆற்றல் போதும். பயிற்சியில்லாத ஒருவர் ஒரு மணி நேரம் தளராமல் கொடுக்கக்கூடியது 75 முதல் 100 வாட் வரை. ஆகவே சமதரையில் யாவருக்கும் சைக்கிள் இன்பமே. இருபது அடிக்கு ஓர் அடி உயரும் சரிவு வந்துவிட்டால், வேகத்தை மணிக்குப் பத்து கிலோமீட்டராகக் குறைத்துக்கொண்டாலும் 150 வாட் தேவைப்படுகிறது. நம்மிடம் இருப்பதோ நூறு. எஞ்சிய ஐம்பதை யார் கொடுப்பது? பந்தய வீரன் தன் தொடையிலிருந்து கொடுப்பான். மற்றவர்கள் இறங்கித் தள்ளவேண்டியதுதான்.

அந்த ஐம்பது வாட்டைத்தான் மின்சார சைக்கிளின் மோட்டார் தருகிறது. மிதிகட்டையை நாம் எவ்வளவு அழுத்துகிறோம் என்பதை ஒரு சிறு கருவி உணர்ந்து, அதற்கேற்றபடி மோட்டாருக்கு மின்சாரத்தை அளந்து விடுகிறது. மிதித்தால் துணை செய்யும். மிதிப்பதை நிறுத்தினால் அதுவும் நின்றுவிடும். இந்த முறையில் அமைந்த சைக்கிளை ஜப்பானின் யமஹா நிறுவனம் 1993-ஆம் ஆண்டில் விற்பனைக்குக் கொண்டுவந்தது. எடை குறைந்த லித்தியம் பாட்டரி கைக்கு எட்டிய பிறகே மலைப்பாதையில் இவ்வண்டி பரவிற்று. அந்தப் பாட்டரியை ஆக்கியளித்தமைக்காக குட்எனஃப், விட்டிங்ஹாம், யோஷினோ ஆகிய மூவருக்கும் 2019-இல் இரசாயனத்துக்கான நோபல் பரிசு வழங்கப்பெற்றது.

36 வோல்ட், 10 ஆம்பியர்-மணி கொண்ட பாட்டரியில் 360 வாட்-மணி சக்தி இருக்கிறது. வழியில் வீணாவது போக, முக்கால் பங்கு சக்கரத்தை எட்டும் என்று வைத்துக்கொண்டால் 270 வாட்-மணி. முன்சொன்ன 95 கிலோகிராமை நூறு மீட்டர் உயரம் ஏற்ற 26 வாட்-மணி வேண்டும். சேலத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் உயரம் சுமார் 1,200 மீட்டர். எடைக்கு மட்டுமே 310 வாட்-மணிக்கு மேல் ஆகிவிடும். ஆகவே பாட்டரி தனித்து நின்று நம்மை ஏற்காடு சேர்க்காது. காலும் உழைக்க வேண்டும். சைக்கிளில் மோட்டார் வைப்பது சோம்பேறிகளின் வேலை என்று ஏளனம் செய்வோருக்கு இந்தக் கணக்கே விடை சொல்லும்.

ஏளனத்தில் ஒரு சிறு நியாயமும் உண்டு என்பதை மறைப்பதற்கில்லை. நம் நாட்டில் விற்கும் மின்சார சைக்கிள்கள் பலவற்றில் கைப்பிடியைத் திருகினாலே வண்டி ஓடும். மிதிகட்டை வெறும் அலங்காரமாகிவிடுகிறது. கடைத்தெருவுக்குப் போய்வர அது வசதியாக இருக்கலாம். மலைப்பயணத்துக்கு அது ஆகாது என்பது என் கருத்து. பாதி வழியில் பாட்டரி தீர்ந்துபோக, இருபது கிலோவுக்கு மேற்பட்ட வண்டியைத் தள்ளிக்கொண்டு வருபவன் மலையழகையா காண்பான்? மோட்டார் 250 வாட்டுக்கும், வேகம் மணிக்கு 25 கிலோமீட்டருக்கும் மேற்படாத மெலிந்த வண்டியை நம் நாட்டு விதிகள் மோட்டார் வாகனமாகக் கருதுவதில்லை. பதிவும் உரிமமும் வேண்டாம். மாணவர்களுக்கு இது பெரிய வசதி.

இனி, கூட்டமாகச் செல்வதைப் பற்றி. சாதாரண சைக்கிளில் பத்துப் பேர் மலையேறினால் நேர்வது என்ன? வலியவர் இருவர் முன்னதாக உச்சியை அடைந்து, மர நிழலில் அமர்ந்து, தண்ணீர் குடித்து இளைப்பாறுவர். மெலியவர் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும், “வந்துவிட்டாயா? சரி, புறப்படலாம்” என்பர். ஓய்வு தேவைப்படாதவனுக்கு ஓய்வு கிடைக்கிறது. தேவைப்படுபவனுக்கு அது கிடைப்பதே இல்லை. இரண்டு மேடுகள் இவ்வாறு கடந்தபின் மெலியவன் மறுமுறை வருவதில்லை. நம் கல்லூரிகளில் உல்லாசப் பயணத்துக்குப் பெயர் கொடுக்காமல் ஒதுங்கும் மாணவர்கள் பலர் இத்தகையோரே. மின்சார சைக்கிளில் துணையின் அளவை ஒருவர் கூட்டிக்கொள்ளலாம், மற்றொருவர் குறைத்துக்கொள்ளலாம், அறவே நிறுத்திவிட்டுத் தன் கால்வலியையும் சோதிக்கலாம். அறுபது வயதுத் தந்தையும் இருபது வயது மகனும் மேட்டின் உச்சியைச் சேர்ந்தே அடைகிறார்கள். சுவிட்சர்லாந்தில் லோசானிலிருந்து ரோர்ஷாக் வரை மேடும் பள்ளமுமான நாட்டுப்புறத்தின் ஊடே ஒரு நெடும்பாதையை மின்சார சைக்கிள்காரர்களை எண்ணியே வகுத்திருக்கிறார்கள். அங்கே முதியவர்கள் கூட்டங்கூட்டமாகச் செல்கின்றனர்.

அவ்வளவு தொலைவு போவானேன்? விழுப்புரம் மாவட்டத்தின் கிழக்கு ஓரத்தில், 1968-இல் தோன்றிய ஆரோவில் நகரின் செம்மண் பாதைகளில் மின்சார சைக்கிள்கள் ஓடுகின்றன. ஆனால் அது மேட்டுநிலமேயன்றி மலையன்று. மலைக்காக மேற்கே வரவேண்டும்.

விழுப்புரத்திலிருந்து செஞ்சிக்கு ஒரு பயணத்தை வகுத்துப் பார்ப்போம். வடகிழக்குப் பருவமழை ஓய்ந்து ஏரிகள் நிறைந்திருக்கும் மார்கழி, தை மாதங்களே தக்க காலம். விடியுமுன் புறப்பட்டு ஏறக்குறைய இருபது கிலோமீட்டர் சென்றால் மண்டகப்பட்டு. ஒரு சிறு பாறை; அதில் குடைந்த ஒரு குகைக் கோயில். செங்கல், மரம், உலோகம், சுண்ணாம்பு எதுவுமின்றி மும்மூர்த்திகளுக்கும் கோயில் அமைத்ததாக மகேந்திரவர்ம பல்லவன் அங்கே வடமொழியில் எழுதி வைத்திருக்கிறான். ஏழாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், தமிழ்நாட்டுக் கற்கோயிற் கலையின் வரலாறு பேசத் தொடங்கும் இடம் அது. நெடுஞ்சாலையில் விரைபவர்கள் அதைக் கவனிப்பதே இல்லை. அதற்கு அண்மையில் தளவானூர்க் குகைக் கோயில். மேற்கே சற்று விலகிச் சென்றால், இராசசிம்மன் குன்றின் மேல் எழுப்பிய பனமலைக் கோயில். அதன் சுவரில் பல்லவர் காலத்து ஓவியம் ஒன்று, மங்கிய வண்ணங்களோடு இன்றும் எஞ்சியிருக்கிறது. நல்ல வழிகாட்டி இந்த இடங்களிலெல்லாம் வண்டியை நிறுத்தச் சொல்வார். வழிகாட்டியின் பெருமை வேகத்தில் இல்லை. எங்கே நிறுத்துவது என்று அறிவதில் இருக்கிறது.

செஞ்சியை நெருங்கும்போது திருநாதர்குன்று தென்படும். பெரும்பாறை ஒன்றின் முகப்பில் சமணர்களின் இருபத்துநான்கு தீர்த்தங்கரர்களையும் இரு வரிசையாகச் செதுக்கியிருக்கிறார்கள். ஐம்பத்தேழு நாள் உண்ணாநோன்பிருந்து உயிர்துறந்த சந்திரநந்தி ஆசிரியரின் நினைவைக் கூறும் பழந்தமிழ்க் கல்வெட்டும் அங்கு உண்டு. அங்கே பேச்சுக் குறைந்துவிடும். வழிகாட்டியும் அதிகம் பேசாதிருப்பது நல்லது.

பிறகு கோட்டை. இராசகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என்னும் மூன்று குன்றுகளை இணைத்து ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீளத்துக்கு மதில் வளைத்திருக்கிறது. ஒரு குன்றைப் பிடித்தாலும் மற்ற இரண்டும் எதிர்த்து நிற்கும் அமைப்பு. 1677-இல் சிவாஜி இதனைக் கைப்பற்றினார். அவருடைய மகன் இராசாராமை இங்கே வளைத்துக்கொண்ட மொகலாயப் படை, 1690 முதல் 1698 வரை எட்டு ஆண்டுகள் அடிவாரத்திலேயே கிடக்க நேர்ந்தது. இராசாராமோ தப்பிச் சென்றுவிட்டார். 1714-இல் ஆர்க்காட்டு நவாபின் படையோடு பொருது மாண்ட இளைஞன் தேசிங்குராசனின் கதையை இந்தப் பகுதியில் அறியாதவர் யார்? இத்தனை வலிமை வாய்ந்த கோட்டையை 1750 செப்டம்பரில் பிரெஞ்சுத் தளபதி புஸ்ஸி ஒரே இரவில் பிடித்தான் என்பதும் வரலாறே. சரிவு காவலாகும், காவலன் விழித்திருந்தால்தான்.

240 மீட்டர் உயரமுள்ள இராசகிரியின் உச்சிக்குச் சைக்கிள் செல்லாது, மின்சாரமும் உதவாது. படிகளில் நடந்தே ஏறவேண்டும். மதிலையும், கலியாண மகாலையும், வேங்கடரமணர் கோயிலையும், களஞ்சியங்களையும் சுற்றிவர வண்டி துணை செய்து, கால்களை இந்தப் படிகளுக்காகச் சேமித்துக் கொடுக்கிறது. அவ்வளவே அதன் பணி. வேங்கடரமணர் கோயிலின் தூண்கள் சில எங்கே என்று கேட்பவர்கள், புதுச்சேரிக் கடற்கரையில் காந்தியடிகளின் சிலையைச் சுற்றி நிற்பவற்றைப் பார்த்துக்கொள்ளலாம்.

2025 ஜூலையில், மராட்டியர் போர்க்கோட்டைகள் பன்னிரண்டை உலகப் பாரம்பரியச் சின்னங்களாக யுனெஸ்கோ அறிவித்தது. பதினொன்று மகாராஷ்டிரத்தில் உள்ளவை. பன்னிரண்டாவது நம் செஞ்சி. இனிக் கூட்டம் பெருகும். எந்த வாகனத்தில் வரும் என்பதே கேள்வி. நூறு பேரை நூறு கார்கள் கொண்டுவந்து சேர்த்தால், அடிவாரம் வண்டிச்சந்தை ஆகும். மண்டகப்பட்டிலும் தளவானூரிலும் ஒருவரும் இறங்கமாட்டார். சைக்கிளில் வருபவனோ வழியில் பசியெடுத்து இட்லி தின்பான்; டீ குடிப்பான்; சக்கரம் பழுதானால் உள்ளூர்க் கடையைத் தேடுவான். வழிகாட்டியாக உள்ளூர் இளைஞனையே அமர்த்தலாம். இன்னொன்றும் சொல்லவேண்டும். இந்த வட்டாரத்தில் குன்றுகளை வெடிவைத்துப் பிளந்து ஜல்லியாக்குவது பெருந்தொழில். நாம் செல்லும் சாலையே ஏதோ ஒரு குன்றின் துண்டுதான். அதை மறுக்க முடியாது. ஆயினும், ஒரு குன்று நின்றபடியே ஊருக்குச் சோறு போடும் என்று கண்ணெதிரே கண்டால், வெடி வைக்குமுன் ஊரார் ஒருமுறை யோசிப்பார்கள் அல்லவா? பார்க்க எவரும் வராத குன்றுக்குப் பரிந்து பேச எவரும் இருக்கமாட்டார்.

புறப்படுவோருக்குச் சில குறிப்புகள். இவ்வண்டிக்கு எடை அதிகம். ஆதலின் இறக்கத்தில் இரு பிரேக்கையும் சேர்த்துப் பிடிக்க வேண்டும். தலைக்கவசம் கட்டாயம். சாலையோர மணலில் சக்கரம் வழுக்கும். வழிகாட்டி முன்னே சென்றால், தேர்ந்த மற்றொருவர் கடைசியில் வரவேண்டும். அவரைத் தாண்டி யாரும் பின்தங்கக் கூடாது. கோட்டையில் குரங்குகள் மிகுதி. கையில் பொட்டலம் வேண்டாம். சுடுபாறையின் மேல் வண்டியை வெயிலில் நிறுத்துவது பாட்டரிக்குக் கேடு.

தீர்ந்த பாட்டரியை மீண்டும் மின்னேற்ற நான்கு மணி நேரமாகும். செஞ்சிக் கடைத்தெருவில் அதற்கு ஏற்பாடு செய்துவிட்டு இராசகிரி ஏறலாம். நிதானமாக ஏறி, உச்சியில் நின்று திண்டிவனத்துத் திசையையும் திருவண்ணாமலைத் திசையையும் பார்த்துவிட்டு இறங்கிவர ஏறக்குறைய அதே நேரம்தான் பிடிக்கும்.