பசு கொடுப்பதற்கு முன்னால்
(மட்டாஞ்சேரியில் நடந்த அங்கத்தினர் கூட்டத்தில் பேசியதன் சுருக்கம்)



கிராமத்து ஏழைக் குடும்பங்களுக்கு நம் சங்கம் பசு வாங்கிக் கொடுக்கலாம் என்று ஒரு யோசனை வந்திருக்கிறது. நல்ல கார்யம். பணம் திரட்டுவதற்கு முன், நான் போய்ப் பார்த்துவிட்டு வந்த ஓர் ஊரைப் பற்றிச் சொல்கிறேன்.

இங்கிருந்து சேர்த்தலை போய், தண்ணீர்முக்கம் அணையைத் தாண்டினால் வெச்சூர். வெச்சூர் பசு என்ற பெயர் இந்த ஊரால் வந்ததுதான். உயரம் ஏறக்குறைய மூன்றடி. பால் நாளைக்கு இரண்டு, மூன்று லிட்டர். வரப்புப் புல்லும் வீட்டுக் கழுநீருமே அதற்குப் பெரும்பாலும் போதும். சாணம் தென்னைக்கும் வாழைக்கும் ஆகிறது.

இந்தப் பசு ஏறக்குறைய அழிந்தே போயிருந்தது. 1963-ல் ஸ்விட்சர்லாந்து உதவியுடன் மாட்டுப்பட்டியில் கலப்பினத் திட்டம் ஆரம்பமாயிற்று. சுநந்தினி என்ற இனம் வந்தது. கேரளத்தில் பால் பெருகியது. அதைக் குறை சொல்லக் கூடாது. ஆனால் நாட்டுக் காளைகளைக் காயடித்துக்கொண்டே வந்ததில் சொந்த இனம் மறைந்தது. 1989-ல் மண்ணுத்தி கால்நடைக் கல்லூரியின் டாக்டர் சோசம்மா ஐப்பும் மாணவர்களும் ஊர் ஊராகத் தேடி, மிஞ்சியிருந்த சிலவற்றைச் சேர்த்து வளர்த்தார்கள். 2022-ல் அந்த அம்மையாருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது.

இதை ஏன் சொல்கிறேன்? சில வருஷங்களுக்கு முன் அப்பாவின் ஸ்ராத்தத்தை ஒட்டி, ஒரு குடும்பத்துக்குப் பெரிய கலப்பினப் பசு ஒன்று வாங்கிக் கொடுத்தேன். ஃபோட்டோகூட எடுத்துக்கொண்டேன். எட்டாவது மாதம் போனால் தொழுவம் காலி. “ஸ்வாமி, பசுவைத் தந்தீர்கள். தீவனத்துக்கும் டாக்டருக்கும் நாங்கள் எங்கே போவோம்?” என்றாள் அந்த அம்மாள். எனக்குப் பதில் இல்லை. புண்யம் எனக்கு, கடன் அவளுக்கு!

ஆகையால் மூன்று விஷயங்களை விண்ணப்பிக்கிறேன். முதலாவது, எதை வளர்க்க முடியும் என்று அந்த வீட்டு ஸ்த்ரீகளிடம் கேட்போம். பசுவுக்கு இடமில்லை என்றால் ஆடு கொடுப்போம். இரண்டாவது, முதல் வருஷத் தீவனம், வைத்யம், இன்ஷூரன்ஸ் மூன்றுக்கும் சேர்த்தே நிதி திரட்டுவோம். மூன்றாவது, அமெரிக்காவில் 1944-ல் ஆரம்பித்த ஹெய்ஃபர் நிறுவனத்தின் வழக்கத்தைப் பார்ப்போம். தானம் வாங்கியவர் பிறக்கும் கிடாரிக் கன்றை இன்னொரு குடும்பத்துக்குக் கொடுக்க வேண்டும். அப்போது வாங்கியவரும் தாதா ஆகிறார். தலை நிமிர்ந்து நிற்கிறார்.

கடோபநிஷத்தில் பால் வற்றிய பசுக்களைத் தகப்பனார் தானம் செய்வதைப் பார்த்துக் குழந்தை நசிகேதஸ் கலங்கினான். நாம் கொடுப்பது கறக்கிற பசுவாகவே இருக்கலாம். அதைக் காப்பாற்ற வழியில்லாத வீட்டில் கட்டிவிட்டு வந்தால், அவன் நம்மையும் கேள்வி கேட்பான்.

பத்துப் பசு வேண்டாம், மூன்று கொடுப்போம். அடுத்த வருஷம் போய்ப் பார்க்கும்போது மூன்றும் தொழுவத்தில் இருக்க வேண்டும். அதுவே நிஜமான கோதானம்.