தட்டை உலகில் கல் ஏன் கீழே விழுகிறது?

(தேசிய அறிவியல் நாளையொட்டி மும்பையில் தமிழ்த் தோழர்களிடையே ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



தாராவித் தேநீர்க் கடையொன்றில் சென்ற மாதம் எனக்கு நேர்ந்த தோல்வியிலிருந்து தொடங்குகிறேன். தோல் பட்டறையில் பணிபுரியும் இளந்தோழர் ஒருவர் தம் கைப்பேசியில் ஒரு காணொளியைக் காட்டினார். பூமி தட்டையானது, ஈர்ப்பு விசை என்பதே கட்டுக்கதை, அந்தத் தட்டு இடைவிடாமல் மேல்நோக்கி விரைகிறது, கையிலிருந்து விட்ட கல் விழுவதில்லை, தரைதான் எழுந்து வந்து அதை முட்டுகிறது. இதுவே அதன் சாரம். நான் சிரித்துவிட்டேன். அவர் சிரிக்கவில்லை. "அண்ணாச்சி, சிரிச்சிட்டீங்க, பதில் சொல்லலையே" என்றார்.

என்னிடம் அப்போது பதில் இல்லை என்பதே உண்மை. முதுகலைத் தமிழ் படித்தவன் நான். கட்சி ஆவணங்களை மொழிபெயர்ப்பவன். 'புவியீர்ப்பு' என்ற சொல்லை எத்தனையோ முறை எழுதியிருக்கிறேன். அச்சொல்லை நம்பியிருந்தேனே தவிர, அதன் பின்னுள்ள சான்றைத் தேடியதில்லை. அந்த இளைஞரோ தாம் நம்பியதற்கு ஒரு காரணமாவது சொன்னார். அன்றிலிருந்து தேடிப் படித்தவற்றையே இங்கு பகிர்ந்துகொள்கிறேன்.

எதிர்த்தரப்பின் வாதத்தை அதன் வலிமையான வடிவில் எடுத்துக்கொள்வதே நமக்கு அழகு. மேலெழும் தட்டு என்னும் கருத்து முட்டாள்தனமானது அன்று. மூடிய அறையொன்று சீராக முடுக்கப்பட்டு மேலே சென்றால், உள்ளிருப்பவர் தாம் தரையில் நிற்பதாகவே உணர்வார். அச்சிறு அறைக்குள் செய்யும் சோதனை எதுவும் வேறுபாட்டைக் காட்டாது. 1907இல் ஐன்ஸ்டீன் சிந்தித்த வழி இதுதான். "வேகம் வினாடிதோறும் 9.8 மீட்டர் கூடினால் ஓராண்டுக்குள் ஒளியின் வேகத்தையே தாண்டிவிடுமே" என்று நம்மவர் சிலர் மடக்கப் பார்ப்பதுண்டு. அந்தக் கணை பயன்படாது. சார்பியலின்படி வேகம் ஒளிவேகத்தை நெருங்குமேயன்றி எட்டாது. முடுக்கமோ உள்ளிருப்பவருக்கு அப்படியே நீடிக்கும். தவறான மறுப்பு எதிர்த்தரப்புக்கு ஊட்டச்சத்து.

அப்படியானால் அந்த வாதம் எங்கே உடைகிறது? தட்டு ஒரே தட்டாக மேலே போகிறதென்றால், அதன்மீது எங்கு நின்றாலும் முடுக்கம் ஒன்றாகவே இருந்தாக வேண்டும். அப்படி இல்லை. 1672இல் ழான் ரிஷே என்ற பிரெஞ்சு வானியலாளர் பாரிசிலிருந்து தென் அமெரிக்காவின் கயேன் நகருக்கு ஊசல் கடிகாரத்துடன் சென்றார். பாரிசில் சரியாக ஓடிய கடிகாரம் அங்கு நாளொன்றுக்கு இரண்டரை நிமிடம் பின்தங்கியது. ஊசலைச் சற்றுக் குறுக்கிய பின்னரே அது சரியானது. நிலநடுக்கோட்டருகே ஈர்ப்பு குறைவு என்பதன் அறிகுறி அது. இன்றைய அளவீட்டில் துருவத்தில் 9.83, நிலநடுக்கோட்டில் 9.78. சுழலும் கோளம் நடுவில் சற்றுப் பருத்திருக்கும் என்பதோடு இது பொருந்துகிறது. மேலெழும் தட்டோடு பொருந்தவில்லை.

இந்த ஊசல் நம் நாட்டிலும் ஆடியது. 1865 முதல் இந்திய நில அளவைத் துறையின் பேசெவி என்ற அதிகாரி, நாட்டின் தென்முனைப் பகுதியிலிருந்து இமயம் வரை இடம் இடமாக ஊசல்களை ஆடவிட்டு எண்ணினார். 1871இல் லடாக்கில், 15,000 அடிக்கும் மேலான உயரத்தில், அந்தப் பணியிலேயே உயிர் துறந்தார். இமயத்தின் பேருருவுக்கு எதிர்பார்த்த அளவு ஈர்ப்பு அங்கு இல்லை; மலையின் அடியாழத்தில் பொருண்மை குறைவு என்ற முடிவுக்கு அது துணையாயிற்று. தரை மட்டுமே எழுந்து வருகிறதென்றால், மலைக்கடியில் என்ன இருந்தால் ஊசலுக்கு என்ன?

அத்துறையின் கருவிகளைச் சுமந்தவர்கள் கலாசிகள். 1843இல் டேராடூனில் நில அளவைத் தொழிலாளர்களைத் தன் சொந்த வேலைக்கு வாட்டிய ஆங்கில நடுவரை எதிர்த்ததற்காகக் கணக்கர் ராதாநாத் சிக்தாருக்கு 200 ரூபாய் தண்டம் விதிக்கப்பட்டது. பின்னாளில் எவரெஸ்ட் எனப் பெயர் பெற்ற சிகரத்தின் உயரத்தைக் கணித்தவர் அவரே. புவியின் வடிவத்தை நமக்குச் சொன்ன எண்களில் இந்த வரலாறும் அடங்கியிருக்கிறது.

மற்ற இரு விளக்கங்களையும் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். அடர்த்தி மிகுந்தது தாழும், குறைந்தது மிதக்கும், ஈர்ப்பு எதற்கு என்பர் சிலர். காற்றை அகற்றிய கண்ணாடிக் குழாயில் நாணயமும் இறகும் ஒன்றாக விழுகின்றன. மிதக்க வைக்கும் ஊடகமே இல்லாதபோது, 'கீழ்' எது என்பதை அடர்த்தி எப்படி அறிந்தது? தட்டுக்கே ஈர்ப்பு உண்டு என்பர் வேறு சிலர். அவ்வாறெனில் விளிம்பை நெருங்க நெருங்கத் தூக்குநூல் மையத்தை நோக்கிச் சாய வேண்டும். அவர்கள் வரைபடத்தில் விளிம்போரம் உள்ள ஆஸ்திரேலியாவின் கொத்தனார்கள் சாய்ந்த சுவரையே நேர்ச்சுவர் என்று கட்ட வேண்டும்.

தோழர்களே, இந்த விவாதம் நம் மண்ணுக்குப் புதிதன்று. 1150இல் சித்தாந்த சிரோமணி எழுதிய பாஸ்கரர், புராணத் தட்டை உலகையும் அதைத் தாங்கும் உயிர்களையும் எதிர்கொண்டார். தாங்குவோரைத் தாங்குவது யார், இறுதியில் ஒன்று தன் ஆற்றலால் நிற்கும் என ஒப்புவதாயின் அதைப் பூமிக்கே ஏன் ஒப்பக்கூடாது என வினவினார். பூமிக்கு இழுக்கும் ஆற்றல் உண்டு என்றார். பூமி முடிவின்றிக் கீழே விழுந்துகொண்டிருக்கிறது என்ற பௌத்தக் கருத்தும் அன்று இருந்தது; காணொளியில் மேலெழும் பூமி, அங்கே கீழ்விழும் பூமி! எறிந்த பொருள் திரும்பி வந்து தரையைத் தொடுகிறதே, தன்னினும் கனமான பூமி விழுந்துகொண்டிருந்தால் அதை எப்படி எட்டிப்பிடிக்கும் என்று மறுத்தார் பாஸ்கரர்.

முடிவு சரி, காரணம் பிழை. கனமானது விரைந்து விழும் என்ற எண்ணத்தின்மீது நின்ற வாதம் அது. குழாய்க்குள் விழும் இறகு அதை மறுக்கிறது. இதைச் சொல்வது பாஸ்கரரைச் சிறுமைப்படுத்துவதாகாது. நியூட்டனுக்கு ஐந்நூறு ஆண்டுக்கு முன்பே அனைத்தையும் கண்டுவிட்டோம் என மேடையில் முழங்குவோரே அவரைச் சிறுமைப்படுத்துகிறார்கள். அவர் கேட்ட கேள்வியை விட்டு, பெயரை மட்டும் எடுத்துக்கொள்கிறார்கள். கல்லுக்கும் நிலவுக்கும் ஒரே விதி, தொலைவின் இருமடிக்கேற்பக் குறையும் விசை – 1687இல் நியூட்டன் தந்த இந்தக் கணக்கு பாஸ்கரரிடம் இல்லை. அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என 1976இல் அரசமைப்பில் 51ஏ பிரிவு சேர்க்கப்பட்டது. அதே நாட்டில் பத்தாம் வகுப்பு மத்தியப் பாடநூலிலிருந்து பரிணாமக் கொள்கை நீக்கப்பட்டிருக்கிறது. பள்ளியில் கேள்வி கேட்கும் வாய்ப்பு சுருங்கிய இடத்தில்தான் அந்தக் காணொளி வந்து நிற்கிறது. அங்கும் நாம் சிரித்துவிட்டு நகர்ந்தால், அந்த இளைஞர் யாரிடம் போவார்?

அடுத்த ஞாயிற்றுக்கிழமை வகுப்புக்கு, ஆசிரியராக உள்ள நம் தோழர் ஒருவர் அந்தக் கண்ணாடிக் குழாயையும் காற்றகற்றும் பம்பையும் கொண்டுவர இசைந்திருக்கிறார். பட்டறைத் தோழரும் வருகிறார். காணொளியையும் மறவாமல் எடுத்துவரச் சொல்லியிருக்கிறேன்.